வழி தவறிய பல்லோடு பேராதனைக்கு

 

மௌலவி ஒருவர் பயணக் கட்டுரை எழுதுகிறார் என்றால் அது மக்காவுக்கோ மதீனாவுக்கோ போய் வந்த கதையாக இருக்கும் என்று நீங்கள் நினைப்பது இயல்பு. நான் சொல்லப் போவது காத்தான்குடியிலிருந்து பேராதனைக்குப் போய் வந்த கதை. போனது ஒரு பல்லுக்காக. அதுவும் நாற்பத்தைந்து வயது வரை முளைக்காமலே இருந்த ஒரு பல்லைக் கழற்றுவதற்காக. விஷயத்தைச் சொன்னதும் வீட்டில் முதலில் சிரிப்புத்தான். "முளைக்காத பல்ல எப்படிங்க புடுங்குற?" என்று கேட்டார் மனைவி. அந்தக் கேள்விக்கு அப்போது என்னிடமும் பதில் இருக்கவில்லை.

மேல்வாயின் இடப்பக்கத்தில், வேட்டைப்பல் இருக்க வேண்டிய இடத்தில், எனக்கு அரிசிமணி போல ஒரு சின்னப் பல் இருந்தது. அது பால்பல் என்பதும், பன்னிரண்டு பதின்மூன்று வயதுக்குள் விழுந்திருக்க வேண்டும் என்பதும் 2023ஆம் ஆண்டு நடுப்பகுதியில் அது ஆடத் தொடங்கிய பிறகே தெரிந்தது. அதற்கு இரண்டு வருடம் முன்பிருந்தே மேலண்ணத்தில், முன்பற்களுக்குப் பின்னால், ஒரு வீக்கம். சில காலைகளில் வாய் உப்புக் கரிக்கும். மூக்கின் இடப்பக்கம் பாரமாக இருக்கும். காட்டிய இடத்தில் பீனிசம் என்றார்கள். ஆவி பிடித்தேன், சொட்டு மருந்து விட்டேன், மாத்திரை விழுங்கினேன். பல்லைப் பற்றி அவர்கள் கேட்கவுமில்லை, நான் சொல்லவுமில்லை. மூக்கு வருத்தத்துக்குப் பல்லைக் காட்ட யாருக்குத் தோன்றும்?

பால்பல் விழுந்த பிறகு ஊர்ப் பல் டொக்டர் வாய் முழுவதையும் ஒரே படத்தில் காட்டும் எக்ஸ்ரே ஒன்றை எடுப்பித்தார். படத்தை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார். மற்றப் பற்கள் ஸப்பில் நிற்பவர்களைப் போல வரிசையாக நிற்க, ஒரு பல் மட்டும் அவற்றுக்கு மேலே, மூக்கின் அடித்தளத்தை ஒட்டிப் படுத்துக் கிடந்தது. தலை முன்பற்களின் வேரை நோக்கியும், வேர் கன்னத்தை நோக்கியும் இருந்தது. தலையைச் சுற்றிக் கறுப்பு வட்டம் ஒன்று. "இது நீர்க்கட்டி. பக்கத்துப் பல்லின்ட வேரையும் அரிச்சிருக்கு. பேராதனைக்குப் போங்க மௌலவி" என்று கடிதம் எழுதித் தந்தார்.

நீர்க்கட்டி என்ற சொல்லைக் கேட்டதும் மனைவியின் சிரிப்பு நின்றது. அவர் மனதில் ஓடிய சொல் என்னவென்று எனக்குத் தெரியும். அவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. நான் வெற்றிலை போடாதவன், புகைக்காதவன். ஆனாலும் இரவில் நாக்கு அந்த வீக்கத்தையே போய்ப் போய்த் தொடும்.

எனக்கு வேறொரு பயமும் இருந்தது. என் தொழில் பிள்ளைகளுக்குக் குர்ஆன் ஓதக் கற்றுக் கொடுப்பது. இமாம் இப்னுல் ஜஸரி அவர்கள் அரபு எழுத்துகளின் பிறப்பிடங்களைப் பதினேழாக வகுத்திருக்கிறார்கள். அவற்றில் எத்தனை இந்த மேல்வாயைத் தொட்டுப் பிறக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். ஜீம், ஷீன், யா மூன்றும் நாக்கின் நடு, அண்ணத்தை நெருங்குவதால் வருபவை. தே, தால், தோ மூன்றும் நுனிநாக்கு மேல்முன்பற்களின் அடியில் படுவதால் வருபவை. லாம், நூன், ரா மூன்றும் அதற்குச் சற்று அருகே. டொக்டரின் கத்தி போகப் போவதும் அதே இடத்துக்குத்தான். வேட்டைப்பல் இல்லாமல் ஓதிவிடலாம். அண்ணம் மரத்துப் போனால் என்ன செய்வது? இருபது வருடமாகப் பிள்ளைகளின் நூனைத் திருத்திய வாய் இது.

முதல் தடவை 2023 ஒக்டோபரில் தனியாகப் போனேன். பேராதனை பல் வைத்தியசாலை பல்கலைக்கழகத்தின் பல்மருத்துவ பீடத்தோடு சேர்ந்தது. இலங்கையில் பல்மருத்துவப் படிப்பு 1943இல் கொழும்பில் தொடங்கி 1954இல் பேராதனைக்கு இடம் மாறியது. இன்றுள்ள பெரிய கட்டடங்கள் 1990களின் பிற்பகுதியில் ஜப்பான் உதவியோடு எழுந்தவை. வரிசை நீளம்தான், ஆனால் கட்டணம் கிடையாது. வாங்குகளில் மலைநாட்டுத் தோட்டத் தாய்மாரும், குருநாகல் பக்கத்துச் சிங்கள விவசாயிகளும், எங்கள் பக்கத்து அபாயாக்களும் ஒருவர் பின் ஒருவராக அமர்ந்திருப்பார்கள். எல்லோரும் கன்னத்தில் கை வைத்திருப்பார்கள்.

டொக்டர் சிங்களவர். அரைத் தமிழ் பேசுவார். மீதியை மொழிபெயர்த்தது யாழ்ப்பாணத்துப் பிள்ளை ஒன்று, இறுதியாண்டு மாணவி. "ஐயா, பயப்பிடாதேங்கோ. நான் கீறிக் காட்டுறன்" என்று ஒரு தாளை எடுத்துக் கீறினா. அந்தத் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது.

அவர் சொன்னது இது. வேட்டைப்பல் மற்றப் பற்களைப் போல முரசுக்குப் பக்கத்தில் உருவாவதில்லை. மேலே, மூக்கின் ஓரத்தில் உருவாகிறது. ஐந்து வயதிலிருந்து பதினைந்து வயதுக்குள் அது ஏறத்தாழ 22 மில்லிமீற்றர் தூரம் பயணம் செய்ய வேண்டும். வாயில் அவ்வளவு தூரம் நடக்கும் பல் வேறில்லை. வழிகாட்டி யார் தெரியுமா? பக்கத்து முன்பல்லின் வேர். அந்த வேரைப் பிடித்துக்கொண்டே இறங்கி வரும். வழிகாட்டி சிறுத்திருந்தாலோ இல்லாவிட்டாலோ பல் உள்பக்கமாகத் திரும்பி அண்ணத்துக்குள் போய்விடும். மதிப்பல்லுக்கு அடுத்தபடியாக அதிகம் சிக்கிக் கொள்வது இதுதான். நூற்றில் ஒருவர் இருவருக்கு இப்படி நேர்கிறது. ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம். குடும்பத்தில் ஒருவருக்கு இருந்தால் மற்றவருக்கும் இருக்கலாம்.

"பதினொண்டு பன்னிரண்டு வயசில ஒருத்தரும் பாக்கேல்லையோ ஐயா?" என்று பிள்ளை கேட்டது.

நான் கணக்குப் பார்த்தேன். எனக்குப் பதினொரு வயது 1990இல். அந்த வருடம் ஓகஸ்ட் 3ஆம் திகதி இஷாத் தொழுகையில் எங்கள் ஊரின் இரண்டு பள்ளிவாசல்களில் நடந்ததை இதை வாசிக்கும் உங்களில் பலர் அறிவீர்கள். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் பிள்ளைகளின் பல்லைப் பார்ப்பதற்கு யாருக்கும் மனமும் இருக்கவில்லை, ஆஸ்பத்திரிக்குப் போகப் பாதையும் இருக்கவில்லை. அடுத்த வருடம் வாப்பா என்னை ஓதக் கொண்டுபோய் விட்டார். "அந்தக் காலம் அப்படி மகள்" என்று மட்டும் சொன்னேன். யாழ்ப்பாணத்துப் பிள்ளை. விளங்கியிருக்கும். மேற்கொண்டு கேட்கவில்லை.

பல்லைக் கட்டி இழுத்து இடத்துக்குக் கொண்டு வரலாமா என்று கேட்டேன். படுக்கையாகக் கிடக்கும் பல்லை இந்த வயதில் இழுக்க முடியாது என்றார் டொக்டர். தொந்தரவு இல்லாமல் கிடக்கும் பற்களைச் சிலருக்கு அப்படியே விட்டு, இடைக்கிடை படம் எடுத்துப் பார்ப்பதுண்டாம். எனக்குக் கட்டி இருப்பதாலும் பக்கத்து வேர் அரிபடுவதாலும் விட முடியாது. புறப்படும்போது, "மௌலவி, பிள்ளைகள் இருக்கா? அடுத்த முறை கூட்டிட்டு வாங்க" என்றார்.

வீட்டுக்கு வந்து இதைச் சொன்னதும் மனைவி அடுப்படியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டே போய், மூத்த மகளைக் கூப்பிட்டு வாயைத் திறக்கச் சொன்னார். பதினொரு வயது. வலப்பக்கத்து வேட்டைப்பல் புதிதாக எட்டிப் பார்க்கிறது. இடப்பக்கத்தில் அரிசிமணி போல அதே சின்னப் பல்.

இரண்டாம் பயணம் 2024 ஜனவரிக் கடைசியில். மனைவி, மகள், நான். ஸுபஹு தொழுததும் வேன் புறப்பட்டது. செங்கலடி கறுப்புப் பாலத்தால் மேற்கே திரும்பி, மகா ஓயா, பதியத்தலாவை, மஹியங்கனை என்று போகும் பாதை. அந்த மாதம் மழை. வயல்களில் வெள்ளம் இன்னும் வடியவில்லை. மஹியங்கனையில் மகாவலியைக் கடக்கும்போது மகளிடம், "இதே ஆத்த பேராதனையிலயும் பாப்பம்" என்றேன். ஹசலக்கை தாண்டியதும் மலை தொடங்குகிறது. பதினெட்டு வளைவு. ஒவ்வொரு வளைவிலும் வேன் மூச்சு வாங்கித் திரும்பும். கீழே நாம் வந்த சமவெளி ஒரு விரித்த பாய் போலத் தெரியும். மகள் சத்தமாக எண்ணிக்கொண்டே வந்தா. "வாப்பா, பதினேழுதான் வந்தது!" சாரதி சிரித்தார். பாதையை அகலமாக்கியபோது ஒன்று குறைந்துவிட்டதாம். பெயர் மட்டும் பதினெட்டாகவே நிற்கிறது. மனைவி கண்ணை மூடிக்கொண்டு ஓதிக்கொண்டே வந்தார். வளைவுக்கா பல்லுக்கா என்று நான் கேட்கவில்லை.

தங்கியது கெலிஓயாவில், என்னோடு ஓதிய ஒரு நண்பரின் வீட்டில். அங்கிருந்து வைத்தியசாலை கிட்டத்தில். நேரம் இருந்ததால் மகளைப் பூந்தோட்டத்துக்குக் கூட்டிப் போனோம். 147 ஏக்கர் தோட்டம். மூன்று பக்கமும் மகாவலி சுற்றி வளைத்து ஓடுகிறது. மஹியங்கனையில் கடந்து வந்த ஆறு இங்கே மரங்களுக்குள் ஒளிந்து ஓடுகிறது. பனை வகைகள் வரிசையாக நிற்கும் பாதையில் மகள் ஓடினா. எனக்கு அந்த வரிசையைப் பார்த்தும் எக்ஸ்ரேதான் ஞாபகம் வந்தது. நோயாளியின் புத்தி அப்படித்தான்.

மறுநாள் முதலில் மகளைப் பார்த்தார்கள். படத்தில் இடப்பக்கத்து வேட்டைப்பல் உள்பக்கம் சாய்ந்திருந்தது. என்னுடையதைப் போலப் படுக்கவில்லை. படுக்கப் போகிற சாய்வு. டொக்டர், "நல்ல நேரம்" என்றார். இந்த வயதில் அந்தப் பால்பல்லை மட்டும் கழற்றிவிட்டால் பல சமயங்களில் பல் தானாகவே வழிக்கு வந்துவிடுமாம். ஸ்வீடனில் நடத்தப்பட்டு 1988இல் வெளியான ஓர் ஆய்வில், அண்ணப் பக்கம் சாய்ந்த 46 வேட்டைப்பற்களில் 36 இப்படிப் பால்பல்லைக் கழற்றியதாலேயே நேர்வழிக்கு வந்தன. வராவிட்டால் முரசைத் திறந்து, பல்லில் சிறு சங்கிலி ஒட்டி, கம்பி போட்டு மெல்ல மெல்ல இறக்குவார்கள். அது ஒன்றரை இரண்டு வருட வேலை. மகளின் பால்பல் கால் மணித்தியாலத்தில் வந்துவிட்டது. மகள் அழவில்லை. வெளியே வாங்கில் இருந்த மனைவிதான் அழுதார்.

அன்று மாலை என்னை வாட்டில் அனுமதித்தார்கள். நள்ளிரவுக்குப் பிறகு தண்ணீரும் கூடாது. காலையில் தியேட்டருக்குக் கொண்டு போனார்கள். கையில் ஊசி ஏறியபோது அல்ஹம்து ஸூராவைத் தொடங்கினேன். எந்த ஆயத்தில் நினைவு போனதோ தெரியாது. செய்ததை யாழ்ப்பாணத்துப் பிள்ளை பிறகு வந்து சொன்னது. மேற்பற்களின் உள்பக்க ஓரமாகக் கீறி, அண்ணத்துத் தோலை ஒரு புத்தகத்தின் அட்டையைத் திறப்பது போலத் திறந்து, தண்ணீர் பாய்ச்சியபடி எலும்பைச் சிறிது சிறிதாகத் துளைத்து, பல்லின் தலையைக் கண்டுபிடித்தார்கள். முழுதாக இழுத்தால் முன்பற்களின் வேர் நொறுங்கும். ஆகவே உள்ளேயே தலை வேறு வேர் வேறாக வெட்டி இரண்டு துண்டாக எடுத்தார்கள். கட்டியின் தோலை உரித்து ஆய்வுகூடத்துக்கு அனுப்பினார்கள். அண்ணத்தை மூடித் தையல் போட்டு, முன்கூட்டியே என் வாயின் அளவுக்குச் செய்து வைத்திருந்த பிளாஸ்டிக் தட்டொன்றை மேலே மாட்டினார்கள். தோல் எலும்போடு ஒட்ட வேண்டும். இடையில் இரத்தம் தேங்கக் கூடாது. அதற்குத்தான் அந்தத் தட்டு.

சின்னப் போத்தலில் பல்லைத் தந்தார்கள். நாற்பது வருடத்துக்கு மேல் வெளிச்சம் காணாத பல். வெள்ளை வெளேரென்று இருந்தது. வேரின் நுனி தூண்டில் போல வளைந்திருந்தது.

கண் விழித்துப் பேச வாயெடுத்தேன். "தண்ணி" என்று சொன்னது வேறேதோ சத்தமாக வந்தது. தட்டு இருந்தால் அப்படித்தான் என்று மிஸ்ஸி கையால் சாடை காட்டினார். அது பெரிதல்ல. ஐந்தாம் நாள் தட்டைக் கழற்றிய பிறகும், நுனிநாக்கை முன்பற்களுக்குப் பின்னால் வைத்தால் அங்கே ஒன்றுமே தெரியவில்லை. நாக்குக்கு அண்ணம் தெரிகிறது; அண்ணத்துக்கு நாக்கைத் தெரியவில்லை. முன்பற்களுக்குப் பின்னால் ஒரு சிறு துவாரத்தால் நரம்பு ஒன்று வருகிறது. அறுவையில் அது அறுபடுவதுண்டு, வாரங்களில் அல்லது மாதங்களில் உணர்ச்சி திரும்பும் என்று டொக்டர் சொன்னார். பெரும்பாலானவர்கள் அதைக் கவனிப்பதே இல்லையாம். பெரும்பாலானவர்கள் தஜ்வீத் படிப்பிப்பவர்கள் இல்லையே என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு வாரம் ஆறிய கஞ்சியும் இளநீரும் பிசைந்த வாழைப்பழமும். நண்பரின் தாயார் மூன்று வேளையும் கஞ்சியை மெல்லிய துணியால் வடித்து அனுப்பினார். ஒரு குறுணி தையலில் சிக்கினால் படும் பாடு பட்டவருக்குத்தான் தெரியும். முதல் நாள் வாயைக் கொப்பளிக்கவே கூடாது. இரத்தக் கட்டி கரைந்துவிடும். வுளூவுக்கு என்ன செய்தீர்கள் என்று ஒரு சகோதரி கேட்டு அனுப்பியிருந்தார். எமது ஷாபிஈ மத்ஹபில் வுளூவில் வாய் கொப்பளிப்பது சுன்னத்தே; தீங்கு வருமென்றால் விட்டுவிடலாம். மறுநாளிலிருந்து இளஞ்சூட்டில் உப்புத் தண்ணீர், மெதுவாக.

ஊருக்குத் திரும்பும்போதும் மகள் வளைவுகளை எண்ணினா. அவவின் கைக்குள் மடித்த கடதாசியில் பால்பல். கூரையில் எறிந்து அணிலிடம் நல்ல பல் கேட்க வேண்டுமாம். நான் மௌலவி முகத்தை வைத்துக்கொண்டு, பல்லை மண்ணில் புதைப்பதுதான் நல்லது என்று எழுதிக் காட்டினேன். மனைவி சும்மா இருக்கவில்லை. "நீங்களும் எறிஞ்சு வளந்த ஆள்தானே? ஒரு பல்லு எறியாம விட்டதாலதான் இவ்வளவு செலவு" என்றார். வேனில் எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிக்கவும் தையல் விடவில்லை. கடைசியில் இரண்டு பற்களையும் முருங்கை மரத்தடியில் புதைத்தோம். அணிலும் அந்த மரத்தில்தான் இருக்கிறது என்று மகள் திருப்திப்பட்டுக்கொண்டா.

இரண்டு வாரத்தில் ஆய்வுகூட முடிவு வந்தது. பல்லின் தலையைச் சுற்றி வரும் சாதாரண நீர்க்கட்டி, வேறொன்றுமில்லை. மனைவி அன்று மாலை ஒரு சட்டி பாயாசம் காய்ச்சிப் பக்கத்து வீடுகளுக்கெல்லாம் அனுப்பினார். காரணத்தை யாரிடமும் சொல்லவில்லை.

மார்ச் இரண்டாம் வாரத்தில் நோன்பு வந்தது. வழமையாகத் தராவீஹ் தொழுவிப்பவன் நான். அந்த வருடம் நிர்வாகத்திடம் சொல்லி, என்னிடம் ஓதிய ஓர் இளைஞரை முன்னால் விட்டுவிட்டுப் பின்னால் நின்றேன். அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. ஆனால் முதல் இரவு கஷ்டமாகத்தான் இருந்தது. வீட்டில் லுஹருக்குப் பின் மகள்தான் எனக்கு உஸ்தாத். நான் ஓத, குர்ஆனைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்பா. "வாப்பா, அந்த நூன் சரியில்ல." திரும்ப ஓதுவேன். "இப்பயும் இல்ல." நான் அவவுக்குச் செய்ததை எல்லாம் எனக்குச் செய்தா. பதினெட்டாம் நோன்பன்று கேட்டுக்கொண்டே இருந்தா, ஒன்றும் சொல்லவில்லை. கடைசிப் பத்தில் இரண்டிரண்டு றக்அத் தொழுவித்தேன். மரப்பு முழுதாக விலக ஓகஸ்ட் ஆனது.

உங்கள் வீட்டில் ஒன்பது பத்து வயதில் பிள்ளை இருந்தால், பல் துலக்கிவிடும்போது சுட்டுவிரலைச் சுத்தமாகக் கழுவி, மேலுதட்டை உயர்த்தி, பால் வேட்டைப்பல்லுக்கு மேலே முரசின் வெளிப்பக்கத்தில் தடவிப் பாருங்கள். வரப்போகும் பல் இரண்டு பக்கமும் சிறு மேடாகத் தட்டுப்பட வேண்டும். ஒரு பக்கம் மேடு, மறுபக்கம் பள்ளம் என்றாலோ, ஒரு பக்கத்துப் பல் முளைத்து ஆறு மாதமாகியும் மறுபக்கத்தில் பால்பல் ஆடாமல் நின்றாலோ பல் டொக்டரிடம் காட்டுங்கள். பாடசாலைப் பல் கிளினிக்கிலும் காட்டலாம். கைவிரல் ஒன்றும் ஒரு நிமிடமும் போதும்.

2024 ஜூலையில் மகளுக்கு மறுபடி படம் எடுத்தோம். சாய்வு குறைந்திருந்தது. 2025 ஜனவரியில் ஒருநாள் காலை நான் பாடத்துக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தேன். கிணற்றடியில் பல் துலக்கிக்கொண்டிருந்தவ வாயில் நுரையோடு ஓடி வந்தா. என் கையைப் பிடித்து, விரலைத் தன் முரசில் வைத்தா.

"தட்டுப்படுதா வாப்பா?"